சமகாலக் கலைஞர்களையும் வடிவமைப்பாளர்களையும் தேடிக் கண்டடைவது எப்படி?

தூரிகைநிழல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓவியனோ வடிவமைப்பாளனோ அல்ல. படைப்புகளைப் பார்ப்பதிலும் அவற்றைப் பற்றி வாசிப்பதிலும் நெடுநாள் ஈடுபாடு கொண்டவன். கலை வரலாற்று நூல்கள் வழியாகவே இந்த ஈடுபாடு வளர்ந்ததால், இம்ப்ரெஷனிஸ்டுகளில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை யார், எங்கே, எதை, ஏன் செய்தார்கள் என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. இன்று வாழ்ந்து வேலை செய்துகொண்டிருப்பவர்கள் என்று வரும்போது மட்டும் என் அறிவு யயோய் குசாமா, ஆய் வெய்வெய், பேங்க்ஸி என எல்லோருக்கும் தெரிந்த நான்கைந்து பெயர்களோடு நின்றுவிடுகிறது. வடிவமைப்பில் நிலைமை இன்னும் மோசம். நான் உட்காரும் நாற்காலியையோ, படிக்கும் எழுத்துருவையோ, அழுத்தும் பொத்தானின் சின்னத்தையோ செய்தவர் பெயர் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

இணையத்தில் தேடாமல் இல்லை. சமூக ஊடகத்தில் ஒரு பென்சில் ஓவியத்தைச் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டால், அடுத்த வாரம் முழுவதும் புகைப்படம் போன்ற பென்சில் முகங்களே வந்து குவிகின்றன. அவற்றில் உழைப்பு இருக்கிறது, வியப்பும் வருகிறது. ஆனால் மறுநாள் எதுவும் நினைவில் தங்குவதில்லை. 'நீங்கள் அறிந்திருக்க வேண்டிய கலைஞர்கள்' என்ற வகைப் பட்டியல்களோ ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை போல இருக்கின்றன. ஏலச் செய்திகளைப் படித்தால் எந்தப் படைப்பு எவ்வளவுக்குப் போனது என்று தெரிகிறதே தவிர, அதன் முன் ஒருவர் ஏன் நிற்க வேண்டும் என்பது தெரிவதில்லை.

படைப்புகளை வாங்கும் நோக்கமோ வசதியோ எனக்கு இல்லை. என்னை உண்மையாகவே பாதிக்கக்கூடிய, தொடர்ந்து பின்தொடரத் தகுந்த சில கலைஞர்களையும் வடிவமைப்பாளர்களையும் கண்டடைய வேண்டும் என்பதே விருப்பம். பெயர்ப் பட்டியலைவிட, நீங்கள் தேடும் வழி என்ன என்பதைச் சொன்னால் அதிகம் பயன்படும்.


கோடும்வெளியும் எழுதியது:

வணக்கம், தூரிகைநிழல். பெயர்ப் பட்டியல் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டது நல்லதாயிற்று. என் அனுபவத்தில் பயன்பட்ட வழி ஒன்றுதான்: ஏற்கெனவே உங்களை நிறுத்தி வைத்த ஒரே ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றியிருந்த மனிதர்களைத் தேடிப் போவது. அந்தப் படைப்பைத் தேர்ந்தெடுத்துக் காட்டியவர் யார், அதே கூடத்தில் அதனுடன் இருந்தவை எவை, படைத்தவரிடம் படித்தவர்கள் யார் என்ற மூன்று கேள்விகளும் வேறு வேறு திசைகளில் கொண்டு செல்லும். அல்காரிதம் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருப்பவற்றை அடுக்கித் தருகிறது. நான் சொல்லும் வழியிலோ, தோற்றத்தில் ஒற்றுமையே இல்லாமல் அக்கறையில் மட்டும் உறவுள்ள படைப்புகள் கிடைக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகவே நடத்திக் காட்டுகிறேன். எல் அனட்சுயி 1944இல் கானாவில் பிறந்து, நைஜீரியாவின் நுசுக்காவில் பல பத்தாண்டுகள் வேலை செய்த சிற்பி. மதுப் புட்டிகளின் அலுமினிய மூடிகளையும் அவற்றின் கழுத்துப் பட்டைகளையும் நசுக்கி, மடித்து, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கோத்து, சுவர் அளவு விரியும் உலோகத் துணியாக அவர் ஆக்குகிறார். அந்தத் துணிக்கு நிலையான வடிவம் கிடையாது. எப்படித் தொங்கவிடுவது, எங்கே மடிப்பு விழச் செய்வது என்பதை அந்தந்தக் கண்காட்சியில் அதை நிறுவுபவர்களே தீர்மானிக்கலாம் என்று அவர் விட்டுவிடுகிறார். ஆகவே ஒரே படைப்பின் புகைப்படங்கள் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக இருப்பதைக் காணலாம். 2015இல் வெனிஸ் பினாலேயில், அதாவது இத்தாலியின் வெனிஸில் நடக்கும் பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில், வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருது இவருக்கு வழங்கப்பட்டது.

இப்போது முதல் கேள்வி: தேர்ந்தெடுத்தவர் யார்? அந்த ஆண்டின் வெனிஸ் பினாலேயை நடத்திய க்யூரேட்டர், அதாவது படைப்புகளைத் தேர்ந்தெடுத்துக் கண்காட்சியை அமைப்பவர், ஒகுய் என்வேசோர். 2019இல் மியூனிக்கில் தொடங்கிய அனட்சுயியின் பெரிய மீள்பார்வைக் கண்காட்சியை உருவாக்கிய இருவரில் ஒருவரும் அவரே. அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் 2002இன் டாக்குமெண்டாவுக்கு வந்து சேர்வோம். டாக்குமெண்டா என்பது 1955இல் ஆர்னால்ட் போடே ஜெர்மனியின் காஸல் நகரில் தொடங்கிய கலைக் கண்காட்சி. இப்போது ஐந்தாண்டுக்கு ஒருமுறை, 100 நாட்கள் நடக்கிறது. அதன் பதினோராவது பதிப்பை நடத்திய என்வேசோர், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் க்யூரேட்டர். அதில் பங்கேற்ற கலைஞர்களின் பெயர்களைப் பார்த்தால் அமர் கன்வர், ராக்ஸ் மீடியா கலெக்டிவ், கொலம்பியாவின் டோரிஸ் சால்செடோ, ஈரானில் பிறந்த ஷிரின் நெஷாத், யின்கா ஷோனிபாரே என்று ஒரு உலகமே திறக்கும். இவர்களில் ஒருவர்கூட மூடிகளைக் கோப்பவர் அல்ல. ஆனால் எல்லைகள், இடப்பெயர்வு, வணிகத்தின் வரலாறு ஆகியவை ஒரு பொருளின் மீது எப்படிப் படிந்திருக்கின்றன என்ற அக்கறை இவர்கள் எல்லோரிடமும் ஏதோ ஒரு விதத்தில் ஓடுகிறது.

ஆசிரியர்–மாணவர் உறவைப் பிடித்தால் வேறொரு பாதை. நுசுக்காவிலுள்ள நைஜீரியப் பல்கலைக்கழகத்தில் 1975 முதல் நீண்ட காலம் கற்பித்தவர் அனட்சுயி. அவரிடம் பயின்றவர்களில் ஒருவரான நென்னா ஒகோரே, பழைய செய்தித்தாள், சாக்குத்துணி, களிமண் போன்றவற்றைக் கிழித்தும் முறுக்கியும் தைத்தும் செய்யும் படைப்புகளில் ஆசிரியரின் பொறுமை தெரியும், ஆசிரியரின் பளபளப்பு இருக்காது. இந்த வேறுபாட்டைப் பார்ப்பதே ஒரு கல்வி. இங்கிலாந்தில் சிற்பி ஃபிலிடா பார்லோ ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கற்பித்துவிட்டு 2009இல் ஓய்வுபெற்ற பிறகுதான் பரவலாக அறியப்பட்டார். 2017இல் வெனிஸ் பினாலேயில் பிரிட்டனுக்கான அரங்கு முழுவதும் அவருக்குக் கிடைத்தது. அவருடைய மாணவியான ரேச்சல் வைட்ரீட்டோ அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1997இல், அதே அரங்கில் காட்டியிருந்தார்! சமகாலக் கலைஞர் என்றால் இளைஞர் என்று எண்ணிக்கொள்வது எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. கியூபாவில் பிறந்த ஓவியர் கார்மென் ஹெரேரா தன் முதல் ஓவியத்தை விற்றபோது அவருக்கு வயது 89.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. டாக்குமெண்டாவின் தளத்தில் முதல் பதிப்பிலிருந்து பங்கேற்றவர்களின் பெயர்கள் உள்ளன. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1929இலிருந்து தான் நடத்திய கண்காட்சிகளின் ஆவணங்களை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. பழைய கூடங்களின் புகைப்படங்களில் எந்தப் படைப்பின் பக்கத்தில் எது தொங்கியது என்பதைக்கூடக் காணலாம். ஆசியக் கலைஞர்களுக்கு, 2000இல் ஹாங்காங்கில் தொடங்கிய ஏஷியா ஆர்ட் ஆர்க்கைவ் ஒரு சுரங்கம். அங்கே கடிதங்களும் அழைப்பிதழ்களும் கையெழுத்துக் குறிப்புகளும் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன.


சாம்பல்நிறம் எழுதியது:

மேலே எழுதிய நண்பரின் வழியில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. வெனிஸ், காஸல், நியூயார்க் என்று போகும் பாதையில் நாம் சந்திப்பவர்கள் எல்லோரும் ஏற்கெனவே யாரோ அதிகாரம் பெற்ற ஒருவரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். என்வேசோர் போன்ற ஒருவர் வாசலைப் பெரிதாக்கினார் என்பது உண்மையே. இருந்தாலும் வாசல் வாசல்தான். பெரிய நிறுவனங்கள் ஒருவரைக் கவனிப்பதற்கும் அவர் நல்ல படைப்பைச் செய்வதற்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. ஹெரேரா, பார்லோ ஆகிய எடுத்துக்காட்டுகளே அதற்குச் சாட்சி.

ஆகவே நான் கீழிருந்து பார்க்கச் சொல்வேன். கலைக்கல்லூரிகளின் இறுதியாண்டுக் கண்காட்சிகள், கலைஞர்களே கூடி நடத்தும் சிறு கூடங்கள், ரெசிடென்சி (கலைஞர்கள் சில காலம் ஓரிடத்தில் தங்கி வேலை செய்யும் திட்டம்) முடியும்போது ஸ்டுடியோவைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடும் நாட்கள் ஆகியவற்றில்தான் யாரும் இன்னும் தீர்ப்புச் சொல்லாத படைப்பைப் பார்க்க முடியும். 1988இல் லண்டனின் கப்பல்துறைப் பகுதியில் காலியாகக் கிடந்த கட்டடம் ஒன்றில் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி மாணவராக இருந்த டேமியன் ஹர்ஸ்ட் சக மாணவர்களைத் திரட்டி நடத்திய 'ஃப்ரீஸ்' கண்காட்சிக்குப் போனவர்களிடம் எந்தப் பட்டியலும் இருந்திருக்காது. (ஹர்ஸ்டின் பிற்கால வேலைகளைப் பற்றி எனக்கு உயர்ந்த கருத்து இல்லை, அது வேறு விவாதம்.) இப்போது ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அகாடமி ஆண்டுதோறும் ஸ்டுடியோக்களைத் திறக்கிறது, நேரில் போக முடியாதவர்கள்கூடப் பங்கேற்பாளர் பக்கங்களைப் பார்த்து, பிடித்தவர்களின் சொந்தத் தளங்களுக்குப் போகலாம். அங்கே பார்ப்பவற்றில் பெரும்பகுதி அரைவேக்காடாகவே இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சலித்தெடுக்கும் பொறுப்பு உங்களுடையது.

விருதுகளைப் பயன்படுத்த விரும்பினால், வென்றவரைவிடக் குறும்பட்டியலில் இருப்பவர்களைப் பாருங்கள். சமகாலக் கலைக்கான பிரிட்டனின் டர்னர் பரிசு 1984இலிருந்து நடக்கிறது. 1991 முதல் 50 வயதுக்குட்பட்டவர்களுக்கே என்றிருந்த வரம்பை 2017இல் நீக்கியதும், அதே ஆண்டில் 63 வயது லுபைனா ஹிமிட் வென்றார். 2019இல் குறும்பட்டியலில் இருந்த நால்வரும் பரிசைப் பிரித்துத் தங்கள் நால்வருக்கும் சேர்த்தே கொடுக்கும்படி கேட்டுப் பெற்றுக்கொண்டார்கள். யார் முதல் என்ற கேள்வியை அவர்களே ஒதுக்கிவைத்தபோது நாம் ஏன் அதைச் சுமக்க வேண்டும்?


எழுத்துருப்பித்தன் எழுதியது:

கலையைப் பற்றி இருவரும் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் வடிவமைப்போடு நின்றுகொள்கிறேன். இந்தத் துறையில் தேடல் வேறு மாதிரியானது, ஏனெனில் வடிவமைப்பாளரின் படைப்பு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது, அவர் பெயர்தான் அதில் இல்லை. ஓவியத்தின் மூலையில் கையொப்பம் இருக்கும். கதவுக் கைப்பிடியில் நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருக்கும். ஆகவே நான் செய்வது, அன்றாடம் பயன்படுத்தும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, இதை இப்படித் தீர்மானித்தவர் யார் என்று கேட்பது.

கணினித் திரையில் குப்பைத்தொட்டி, கைக்கடிகாரம் போன்ற சின்னங்களைப் பார்த்துப் பழகிவிட்டோம். 1984இல் வெளிவந்த மெகின்டோஷ் கணினிக்காகச் சின்னங்களை ஒவ்வொரு புள்ளியாகக் கட்டத்தாளில் வரைந்தவர் சூசன் கேர். ஒரு சிறு சதுரத்துக்குள் சிரிக்கும் கணினியை அவர் எப்படிக் கொண்டுவந்தார் என்று பார்த்த பிறகு, நம் கைபேசியில் உள்ள ஒவ்வொரு சின்னமும் வேறு மாதிரித் தெரியத் தொடங்கும். 1999இல் ஜப்பானின் டோகோமோ கைபேசி நிறுவனத்துக்காக ஷிகெடாகா குரிட்டா உருவாக்கிய 176 எமோஜிகளை 2016இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. தமிழ் எழுத்துருக்களிலும் இதே பயிற்சியைச் செய்யலாம். இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருக்களின் தகவல் பக்கங்களில் வடிவமைத்தவர்களின் பெயர் இருக்கும். 'பாலூ தம்பி' எழுத்துருவுக்குப் பின்னால் இருக்கும் ஏக் டைப் குழுவைப் பிடித்தால், ஒரே குணத்தைப் பல இந்திய எழுத்துமுறைகளில், ஒன்றை மற்றொன்றின் நகலாக்காமல் கொண்டுவருவது எவ்வளவு கடினமான வேலை என்பது புரியும்.

பொருள் வடிவமைப்பில் எனக்கு மிகப் பெரிய திறப்பாக அமைந்தவர்கள் ஃபார்மாஃபாண்டஸ்மா என்ற பெயரில் இயங்கும் ஆண்ட்ரியா ட்ரிமார்க்கி, சிமோனே ஃபாரெசின் ஆகிய இரு இத்தாலியர்கள். மின்னணுக் கழிவை ஆராய்ந்து அவர்கள் செய்த 'ஓர் ஸ்ட்ரீம்ஸ்' என்ற பணியில் மேசையும் நாற்காலியும் இருக்கின்றன. ஆனால் அவற்றைவிட முக்கியமானவை, கழிவைப் பிரிப்பவர்களிடமும் சட்டம் அறிந்தவர்களிடமும் அவர்கள் திரட்டிய நேர்காணல்கள். ஒரு கருவியை எளிதில் கழற்ற முடியாதபடி செய்வதும் வடிவமைப்பின் முடிவுதான் என்பதை அந்த வேலை முகத்தில் அறைந்தாற்போலக் காட்டுகிறது. 2020இல் லண்டனின் செர்பன்டைன் கூடத்தில் அவர்கள் காட்டிய 'கேம்பியோ' மரத்தொழிலைப் பற்றியது. அழகான நாற்காலியைத் தேடிப் போய் உலக வணிகத்தின் குடலுக்குள் நுழைந்துவிட்ட உணர்வு வரும்.

இதற்கு நேர்எதிராக, மிக எளிய கருவிகளால் ஆன ஒன்று வேண்டுமென்றால் தகவல் வடிவமைப்பாளர்களான ஜார்ஜியா லூபியும் ஸ்டெஃபனி போசவெக்கும் ஓராண்டு முழுவதும், 52 வாரங்களும், தங்கள் அன்றாட வாழ்க்கையின் தரவுகளைக் கையால் வரைந்து ஒருவருக்கொருவர் அனுப்பிய அஞ்சலட்டைகளைப் பாருங்கள். எத்தனை முறை நன்றி சொன்னேன், எத்தனை முறை கடிகாரம் பார்த்தேன் என்பவைதான் தரவு. தரவு வரைபடம் என்றாலே நிறுவன அறிக்கைதான் என்று எண்ணியிருந்த எனக்கு அது வேறொரு கதவு.

புதியவர்களைத் தேட இரண்டு இடங்கள். 1998இல் மார்வா கிரிஃபின் தொடங்கிய 'சலோனே சேட்டலைட்', மிலான் மரச்சாமான் கண்காட்சியின் ஒரு பகுதியாக 35 வயதுக்குட்பட்ட வடிவமைப்பாளர்களுக்காக நடப்பது. இன்று பெரும்பெயராகிவிட்ட நெண்டோ வடிவமைப்பு நிறுவனத்தின் ஒக்கி சாட்டோ தொடக்க காலத்தில் காட்டிய இடம் அது. மற்றொன்று, அக்டோபரில் நெதர்லாந்தில் நடக்கும் டச்சு டிசைன் வீக்கின்போது ஐண்ட்ஹோவன் வடிவமைப்புக் கல்லூரி நடத்தும் பட்டதாரிகள் கண்காட்சி. ஃபார்மாஃபாண்டஸ்மாவும் அங்கே படித்தவர்கள்தான். கைவினையை நோக்கிச் சாய்பவர் என்றால், 2017 முதல் வழங்கப்படும் லோவே அறக்கட்டளைக் கைவினைப் பரிசின் இறுதிச்சுற்றுப் பட்டியலை ஆண்டுதோறும் பாருங்கள். 2022இல் வென்ற தென்கொரியாவின் ஜியோங் டாஹே குதிரை முடியால் பின்னிய கூடை, கொரியாவின் பழைய தொப்பி பின்னும் நுட்பத்திலிருந்து பிறந்தது; பார்த்தால் காற்றுக்கு விளிம்பு வைத்தது போல இருக்கிறது.


தூரிகைநிழல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நென்னா ஒகோரேயின் படைப்புகளை நேற்றிரவே தேடிப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். சாம்பல்நிறம் அவர்களின் தயக்கம் எனக்கும் நியாயமாகவே படுகிறது. இரண்டு வழிகளும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும் என்று நினைக்கிறேன்.

இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. பெரிய கூடங்களுக்கு நேரில் செல்லும் வாய்ப்பு எனக்கு மிக அரிது. பெரும்பாலும் திரையிலும் புத்தகத்திலும்தான் பார்க்கப் போகிறேன். அப்படிப் பார்ப்பதை வைத்து ஒரு கலைஞரை அறிந்துகொண்டதாகச் சொல்ல முடியுமா? மேலும், கலைஞர்களின் அறிமுகக் குறிப்புகள் என்ற பெயரில் வருபவை பெரும்பாலும் எனக்குப் புரிவதே இல்லை. அவற்றை வாசித்துவிட்டுப் படைப்பைப் பார்க்க வேண்டுமா, பார்த்துவிட்டு வாசிக்க வேண்டுமா?


கோடும்வெளியும் எழுதியது:

திரையில் எது பிழைக்கும், எது பிழைக்காது என்பதைத் தெரிந்துகொண்டால் முதல் ஐயத்தில் பாதி தீர்ந்துவிடும். எத்தியோப்பியாவில் பிறந்த ஜூலி மெஹ்ரேட்டுவின் 'மோகம்மா' 2012இல் டாக்குமெண்டாவில் காட்டப்பட்டது. அதன் நான்கு பகுதிகளில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ நாலரை மீட்டர் உயரம். கட்டட வரைபடங்களின் மெல்லிய கோடுகள் அடுக்கடுக்காக ஒன்றன்மேல் ஒன்று படிந்து, நெருங்கினால் ஒரு நகரமாகவும் விலகினால் புகையாகவும் மாறுவதே அதன் உயிர். கைபேசியில் அது ஒரு சாம்பல் கறையாகவே தெரியும். இத்தகைய படைப்புகளைத் திரையில் பார்த்துவிட்டு 'எனக்கு ஒன்றும் தோன்றவில்லை' என்று ஒதுக்கிவிடக் கூடாது. தீர்ப்பை ஒத்திவைப்பதே நேர்மை. குறைந்தபட்சம் அளவு என்ன என்பதைப் படித்து, அந்த உயரத்தை உங்கள் அறைச் சுவரில் மனத்தால் குறித்துப் பாருங்கள்.

ஆனால் வழியில் எதையும் இழக்காமல் வந்து சேரும் கலையும் நிறைய உண்டு. புகைப்படக் கலைஞர் டயானிதா சிங்கின் 'மியூசியம் பவன்' என்பது ஒரு பெட்டிக்குள் இருக்கும் ஒன்பது சிறு மடிப்புப் புத்தகங்கள். விரித்து நிறுத்தினால் ஒவ்வொன்றும் ஒரு கண்காட்சி. அங்கே புத்தகம் படைப்பின் நகல் அல்ல, அதுவே படைப்பு. இணையத்துக்கென்றே செய்யப்பட்ட படைப்புகளுக்கும் அப்படித்தான். ஒலியா லியாலினா 1996இல் உலாவிக்குள்ளேயே செய்த, போரிலிருந்து திரும்பிய காதலனைப் பற்றிய படைப்பை அவர் எண்ணிய வடிவத்திலேயே நீங்களும் சொடுக்கிச் சொடுக்கிப் பார்க்கலாம். ரைசோம் அமைப்பு 100 இணையக் கலைப் படைப்புகளைத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய தொகுப்பு நல்ல நுழைவாயில். காணொளிக் கலையிலும் ஒலிக் கலையிலும் ஒரு நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் இழப்பு குறைவு. நேரில் செல்ல வாய்ப்பில்லாதவர் இந்த வகைகளிலிருந்து தொடங்குவது அறிவான தேர்வு என்பேன்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். அருங்காட்சியகங்கள் உயர் தரத்தில் இலவசமாகத் தரும் படங்களில் பெரும்பாலானவை பழைய படைப்புகள். பல நாடுகளில் பதிப்புரிமை கலைஞர் மறைந்து 70 ஆண்டுகள் வரை நீடிப்பதால், வாழ்ந்துகொண்டிருப்பவர்களின் படைப்புகளை அப்படித் திறந்துவிட முடிவதில்லை. எனவே நல்ல படங்களுக்குக் கலைஞரின் சொந்தத் தளத்தையும் அவரைக் காட்டும் கேலரியின் பக்கத்தையும்தான் நாட வேண்டும். கேலரிப் பக்கங்களில் விற்பனைப் பேச்சைத் தள்ளிவிட்டு, கூடத்தின் முழுத் தோற்றத்தைக் காட்டும் படங்களை மட்டும் பாருங்கள். அளவும் வெளிச்சமும் அவற்றில்தான் புரியும்.

அறிமுகக் குறிப்புகளைப் பொறுத்தவரை, அவை உங்களுக்குப் புரியாமல் போவதற்கு நீங்கள் காரணமல்ல. அவற்றில் பல, நிதி கேட்டு எழுதிய விண்ணப்பத்திலிருந்து வெட்டி ஒட்டப்பட்டவை. நான் முதலில் படிப்பது தலைப்பு, ஆண்டு, பொருட்கள், அளவு ஆகிய நான்கையும்தான். பிறகு படைப்பு, அதற்குப் பிறகே விளக்கம். ஷில்பா குப்தா 2017–18இல் செய்த ஒரு நிறுவலில் 100 மைக்குகள் தொங்குகின்றன. அவற்றின் கீழே 100 உலோகக் கம்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு தாள் குத்தப்பட்டிருக்கிறது. இந்தப் பொருட்பட்டியலைப் படிக்கும்போதே, பேசுவதற்கான கருவியும் குத்தப்பட்ட தாளும் ஏன் சேர்ந்தன என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. சிறையிலடைக்கப்பட்ட கவிஞர்களின் வரிகள் அந்தத் தாள்களில் இருக்கின்றன என்பதும், மைக்குகள் குரலை வாங்காமல் வெளியிடுகின்றன என்பதும் பிறகு தெரியவரும்போது, விளக்கம் உங்கள் கேள்விக்குப் பதிலாக வந்து அமர்கிறது. கலைஞர் பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால் எழுத்தைவிட நேர்காணல் மேல். 2001 முதல் வெளிவரும் ஆர்ட்21 ஆவணப்படங்களும், டென்மார்க்கின் லூயிசியானா அருங்காட்சியகம் நடத்தும் காணொளி அலைவரிசையும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்டுடியோவில் நின்று தன் கைவேலையைக் காட்டிக்கொண்டே பேசும்போது, பெரும்பாலான கலைஞர்கள் வியக்கத்தக்க எளிமையுடன் பேசுகிறார்கள்.


சாம்பல்நிறம் எழுதியது:

நேரில் செல்வது பற்றிய கேள்விக்கு ஒரு சிறு சேர்க்கை. பெரும் அருங்காட்சியகம் எட்டாத தொலைவில் இருந்தாலும், உங்களுக்கு எட்டும் தொலைவில் இருக்கும் எந்தச் சிறு கூடத்தையும் தள்ளிவிடாதீர்கள். ஓர் இளம் கலைஞரின் நடுத்தரமான படைப்பை நேரில் ஒரு மணி நேரம் பார்ப்பது, தாளின் சொரசொரப்பும் வண்ணத்தின் தடிப்பும் கண்ணில் பதியும் வாய்ப்பு. பிறகு திரையில் மெஹ்ரேட்டுவைப் பார்க்கும்போது அங்கே விடுபட்டிருப்பது எது என்று ஊகிக்க அந்த நினைவு உதவும். விற்பனைக் கேலரிகளுக்குள் நுழைய வாங்குபவராக இருக்க வேண்டியதில்லை. பார்க்க வந்திருக்கிறேன் என்று சொன்னாலே போதுமானது.

இளம் கலைஞர்களுக்கு மின்னஞ்சல் எழுதவும் தயங்க வேண்டாம். 'உங்கள் படைப்புகள் அருமை' என்ற பொதுவான பாராட்டுக்குப் பதில் வருவது அரிது. குறிப்பிட்ட ஒரு படைப்பைப் பெயர் சொல்லி, இந்த இடத்தில் துணியை ஏன் தைக்காமல் ஒட்டினீர்கள் என்பது போன்ற ஒரு கேள்வியைக் கேட்டால், பத்தி பத்தியாகப் பதில் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பதில் எழுதுபவரிடம், இப்போது யாருடைய வேலையைக் கவனித்து வருகிறீர்கள் என்று அடுத்த கடிதத்தில் கேளுங்கள். அந்தப் பெயர்கள் எந்த அல்காரிதத்திலும் வராதவையாக இருக்கும்.